வரிசை எங்கே நிற்கிறது? வீட்டு ரவுட்டரில் முன்னுரிமையும் வடிகட்டலும்

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை வீட்டுக்காரர் திறப்பது பெரும்பாலும் இரண்டு காரியத்துக்காக. உயர்தரம் படிக்கும் பிள்ளையின் சூம் வகுப்பு நடுவில் அறுந்துபோகக் கூடாது. சின்னப்பிள்ளைகளின் போனில் பார்க்கத் தகாதது வரக் கூடாது. முதலாவதற்காக, எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் ‘கியூஓஎஸ்’ என்ற பெட்டியில் சரி போடுகிறார். இரண்டாவதற்காக ‘பேரன்டல் கன்ட்ரோல்’ பக்கத்தில் நாலைந்து இணையத்தள முகவரிகளை எழுதுகிறார். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் வகுப்பு முன்போலவே அறுகிறது, தடுத்த தளமும் திறக்கிறது.

இது ரவுட்டரின் பழுது என்று நினைத்து விலை கூடிய இன்னொன்றை வாங்குகிறவர்கள் உண்டு. அதுவும் அப்படியே நடந்துகொள்ளும். தன்னிடம் வந்து நிற்கும் வரிசையைத்தான் ஒரு ரவுட்டரால் ஒழுங்குபடுத்த முடியும். தன்னிடம் கேட்கும் கேள்விக்குத்தான் அதனால் ‘இல்லை’ என்று சொல்ல முடியும். வரிசை வேறிடத்தில் நிற்கிறது, கேள்வி வேறு யாரிடமோ போகிறது என்றால் எந்தப் பெட்டியில் சரி போட்டும் பலன் இராது.

பாலத்தின் வாயில் நிற்க வேண்டும்

மட்டக்களப்பில் 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம் ஒற்றை வழி. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கும்வரை ஒரு கரை வாகனம் வந்து முடிய மறுகரை வாகனம் காத்து நின்றது. அந்த நாளில் ஓர் அம்புலன்ஸை முந்தவிட வேண்டுமானால், ஆள் நிற்க வேண்டிய இடம் பாலத்தின் வாய். காத்தான்குடியில் நின்று அம்புலன்ஸுக்கு வழிவிட்டு என்ன செய்ய? அங்கே தெரு திறந்து கிடக்கிறது, வரிசையே இல்லை. விட்ட அம்புலன்ஸ் பாலத்தடிக்குப் போய் லொறிகளுக்குப் பின்னால்தான் நிற்கும்.

வீட்டில் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் 100 அல்லது 1000 மெகாபிட் ஓடும். வெளியே போகும் அப்லோட் பாதையோ சில மெகாபிட்தான். ஒடுங்கும் இடம் அங்கே. வரிசை சேர்வதும் அங்கே, அதாவது சேவை நிறுவனம் தந்த மோடத்தின் நினைவகத்தில், அல்லது 4ஜி என்றால் சிம் போட்ட பெட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவில். இணையத்தில் தகவல் சின்னத் துண்டுகளாக, அதாவது பொதிகளாகப் போகிறது. அந்த மோடம் எந்தப் பொதியையும் தவறவிடக் கூடாது என்று தாராளமாகச் சேமித்து வைக்கிறது. 256 கிலோபைட் சேமிப்பும் 1 மெகாபிட் அப்லோடும் என்று வைத்துக்கொண்டால், சேமிப்பு நிறைந்தபின் வரும் ஒவ்வொரு பொதியும் ஏறத்தாழ 2 செக்கன் காத்திருக்கும். குரல் பொதி ஒரு பக்கத்துக்குப் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். 2 செக்கன் தாமதத்தில் டோகாவில் இருக்கும் தகப்பனோடு பேசுவது, ஒருவர் முடிக்க முன்னம் மற்றவர் தொடங்கும் பேச்சாகிவிடும். இந்த நோயை 2010இல் அடையாளம் கண்டு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் சூட்டியவர் ஜிம் கெட்டிஸ்.

இதில் பலரும் கவனிக்காதது அப்லோட். டவுன்லோட் மந்தமானால் டவுன்லோட் செய்பவரைத் தேடுகிறோம். ஆனால் இறங்கும் ஒவ்வோர் இரண்டு பொதிக்கும் ‘கிடைத்தது’ என்ற சின்ன ஒப்புகை ஒன்று வெளியே போக வேண்டும். 20 மெகாபிட் வேகத்தில் இறக்கினால் செக்கனுக்கு எண்ணூறுக்கு மேற்பட்ட ஒப்புகைகள், கிட்டத்தட்ட 400 கிலோபிட் அப்லோட். யாரோ ஒருவரின் போன் கல்யாண வீட்டுப் படங்களை கூகிள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் இந்த ஒப்புகைகள் அந்த வரிசையின் வாலில் மாட்டும். டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். கண்காணிப்புக் கமெராவும் இப்படித்தான். நான்கு கமெராவை வெளிநாட்டிலிருந்து ஒருவர் முழுத் தரத்தில் திறந்து பார்த்தால், கமெராவுக்கு 1 மெகாபிட் என்றாலும் 4 மெகாபிட் அப்லோட் அந்த நேரம் முழுக்கப் போகும். கமெராப் பெட்டியில் ‘சப் ஸ்ட்ரீம்’ என்ற இரண்டாம் தரம் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பதை அதற்கு மாற்றிவிட்டாலே பல வீடுகளில் பாதித் தொல்லை தீரும். ரவுட்டரில் கை வைக்கவும் தேவையில்லை.

முதலில் அளக்க வேண்டும்

ஒரு கணினியை ரவுட்டரில் கேபிளால் இணைத்து, பதில் வர எடுக்கும் நேரத்தை அளக்கும் ‘பிங்’ கட்டளையை 8.8.8.8 என்ற கூகிள் முகவரிக்கு நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது வரும் மில்லிசெக்கன் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே கணினியில் வேகச் சோதனையை ஓடவிட்டு, டவுன்லோட் கட்டத்தில் எவ்வளவு, அப்லோட் கட்டத்தில் எவ்வளவு என்று பாருங்கள். 40 இருந்தது 60, 70 ஆனால் கவலையில்லை. 400, 900 என்று ஏறினால் வரிசை மோடத்தில் நிற்கிறது. வேகம் போதாமல் இருப்பது வேறு, வரிசை நீளமாக இருப்பது வேறு. இரண்டாவதுதான் நோய் என்றால் பணம் கொடுத்துப் பெரிய பக்கேஜுக்கு மாறினாலும் தொல்லை முழுதாகப் போகாது.

கேபிளில் நன்றாக இருந்து வைபையில் மட்டும் கெடுகிறதா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வைபையில் இருந்தபடி ரவுட்டரின் சொந்த முகவரிக்கே பிங் கொடுங்கள். வீட்டுக்குள்ளேயே அது 100 மில்லிசெக்கனைத் தாண்டித் துள்ளினால், கீழே சொல்லப்போகும் எந்த அமைப்பும் உதவாது. காத்தான்குடி, சாய்ந்தமருது போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய ஊர்களில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகத்தான் இருக்கும். அதில் ஒன்றையொன்று மிதிக்காதவை 1, 6, 11 ஆகிய மூன்று சனல்கள் மட்டுமே. பின்கட்டில் இருக்கும் ஒரு பழைய போன் 6 மெகாபிட்டில் தொங்கிக்கொண்டிருந்தால், 150 மெகாபிட்டில் ஓடும் கணினியைவிட 25 மடங்கு நேரம் அலையைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பு நடக்கும் கணினிக்கு 10 மீற்றர் கேபிள் இழுப்பது இதற்கு மலிவான மருந்து. முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ்.

வரிசையை வீட்டுக்குள் கொண்டுவருவது

மோடத்தின் வரிசையை நம்மால் ஆள முடியாது. அதனால் அந்த வரிசை உருவாகவே விடாமல், அதைவிடச் சற்று ஒடுக்கமான வாயை நமது ரவுட்டரிலேயே வைக்கிறோம். பாலத்தின் வாயை நம் வீட்டு வாசலுக்கு இழுப்பது போல. காலை, பின்னேரம், இரவு 9 மணி என்று மூன்று நேரம் வேகத்தை அளந்து, அதில் குறைந்த எண்ணை எடுங்கள். டவுன்லோடுக்கு அதில் 85 சதவீதம், அப்லோடுக்கு 90 சதவீதம். 18.4 மெகாபிட் இறக்கமும் 4.2 ஏற்றமும் வந்திருந்தால் 15.6, 3.8 என்று எழுதலாம். டவுன்லோடுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்து வரிசை சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது, வந்த பொதிகளில் சிலதைக் கைவிட்டு, அனுப்புகிற சேர்வரை வேகம் குறைக்கவைப்பது மட்டுமே. அதற்கு இடைவெளி வேண்டும்.

சேவை நிறுவனம் தரும் பெட்டிகள் பலவற்றில் இதற்கான அமைப்பு இருக்காது. இருந்தாலும் தொலைக்காட்சிக்கும் லேண்ட்லைனுக்கும் உரியதாக இருக்கும், அதைத் தொட வேண்டாம். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் கியூஓஎஸ் பக்கம் ‘மொத்தப் பேண்ட்வித்’ என்று ஓர் எண் கேட்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த பெரிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு ஒரு கணினிக்கு ‘ஹை’ என்று சரி போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ரவுட்டர் தன்னிடம் நெரிசலே இல்லை என்று எண்ணிக்கொள்ளும், முன்னுரிமை ஒருபோதும் வேலை செய்யாது.

நல்ல முடிவு வேண்டுமானால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர் ஒன்றில், வரிசையை ஆளும் ‘எஸ்கியூஎம்’ தொகுதியைப் போட்டு, வரிசை முறையாக ‘கேக்’கைத் தெரிவு செய்வது சிறந்தது. கேக் 2018 முதல் லினக்ஸ் கேர்னலின் பகுதி. அதில் இடைமுகம் ‘வான்’, அதாவது வெளி இணையப் பக்கமாக இருக்க வேண்டும். ‘லேன்’ என்ற வீட்டுப் பக்கத்தைத் தெரிந்தால் ஏற்றமும் இறக்கமும் தலைகீழாகும். எண்ணைக் கிலோபிட்டில் எழுத வேண்டும்: 15600, 3780. 15 என்று எழுதிவிட்டு இணையமே நின்றுவிட்டது என்று பதறுவது வழக்கமான பிழை. செம்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பென்றால் ‘லிங்க் லேயர்’ பகுதியில் ஏடிஎம் என்று தெரிந்து, ஓவர்ஹெட் (ஒவ்வொரு பொதியோடும் சேரும் மேலதிக பைட்) 44 எழுதுங்கள். அந்தக் கம்பியில் எல்லாம் 53 பைட் செல்களாக வெட்டப்பட்டுப் போகிறது, ஒவ்வொன்றிலும் பயனுள்ளது 48 பைட்தான். 64 பைட் ஒப்புகைப் பொதி ஒன்று ஓவர்ஹெட்டும் சேர்ந்து மூன்று செல்லைப் பிடித்து 159 பைட்டாகிவிடும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சின்னப் பொதிகள் கூடும் நேரத்தில் வரிசை மீண்டும் மோடத்துக்கே ஓடிவிடும். கடைசியாக, ‘ஃப்ளோ ஓஃப்லோடிங்’, ‘ஹார்ட்வெயார் நாட்’ போன்ற வேகக் குறுக்குவழிகளை அணைத்துவிடுங்கள். அவை பொதிகளை வரிசைக்கு வராமலே கடத்திவிடும். மிக்ரோடிக் நிறுவன ரவுட்டர் வைத்திருப்போருக்கும் இதே எச்சரிக்கை: ‘ஃபாஸ்ட்ராக்’ என்ற குறுக்குவழி விதி இருக்கும்வரை ‘சிம்பிள் கியூ’ என்ற வரிசைப் பட்டியலில் எதை எழுதினாலும் அது பூச்சியமாகவே காட்டும்.

இந்த ரவுட்டரை நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் வைக்கும்போது இரண்டுக்கும் முகவரி வரிசை வேறாக இருக்க வேண்டும். முன்பெட்டி 192.168.1 என்றால் பின்னதை 192.168.50 என்று மாற்றுங்கள். முன்பெட்டியின் வைபையை அணைத்துவிட வேண்டும். இதை விட்டால் வீட்டிலுள்ள பாதிப் போன்கள் பழைய பெயரிலேயே இணைந்து, வரிசையையும் வடிகட்டியையும் சுற்றிப் போய்விடும்.

படுவான்கரைப் பக்கம் கம்பியோ பைபரோ போகாத இடங்களில் 4ஜிதான் வழி. அங்கே வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் 25 மெகாபிட் வந்தது இரவில் 6 ஆகலாம். நிலையான எண் ஒன்றைப் போட்டால் பகலில் வீணடிப்போம், அல்லது இரவில் வரிசையை இழப்போம். இரவு எண்ணுக்கே கட்டுவதுதான் நல்லது என்பது எமது கருத்து, வகுப்பும் வெளிநாட்டு அழைப்பும் அந்த நேரத்தில்தான். தாமதத்தைப் பார்த்துத் தானாகவே எண்ணை ஏற்றி இறக்கும் ‘கேக் ஓட்டோரேட்’ என்ற நிரலும் உண்டு, பழகியவர்களுக்கு அது பொருந்தும். இன்னொரு பொறி மாத முடிவில் இருக்கிறது. டேட்டா ஒதுக்கீடு முடிந்து நிறுவனம் வேகத்தைக் குறைத்தால், 15600 என்ற நம் எண் அர்த்தமிழக்கும். ஒடுக்கமான வாய் திரும்பவும் அவர்கள் பக்கம். குறைந்த வேகத்துக்கு ஏற்ற இரண்டாவது எண்ணை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவையுங்கள்.

யாருக்கு முதலிடம்?

வரிசை கைக்கு வந்தபின் யாரை முன்னே விடுவது என்ற கேள்வி வரும். செயலி செயலியாகப் பட்டியல் எழுதும் ஆசையை விடுவது நல்லது. ஒவ்வொரு செயலியும் ‘போர்ட்’ என்ற எண்ணிட்ட கதவொன்றால் போகும். சூம் பெரும்பாலும் யூடிபி வகையில் 8801 முதல் 8810 வரையும், டீம்ஸ் 3478 முதல் 3481 வரையும் பாவிக்கின்றன. ஆனால் அந்தக் கதவு மூடியிருந்தால் அவையும் 443இல் போகும். யூரியூப், வட்ஸ்அப், வங்கி எல்லாம் அதே 443. எல்லாவற்றையும் மறைத்து ஒரே குழாயால் கொண்டுபோகும் விபிஎன் போட்டுவிட்டால் எல்லாமே ஒரே நீரோட்டம். பட்டியல் ஆறு மாதம் தாங்காது.

கேக் இயல்பிலேயே செய்வது வேறு. ஒவ்வோர் ஓட்டத்தையும் தனி வரிசையில் நிறுத்தி முறைவைத்து விடுகிறது, கொஞ்சமாக அனுப்பும் ஓட்டத்துக்கு முதலிடம் தருகிறது. சூம் குரலுக்கு வேண்டியது 60 முதல் 80 கிலோபிட், இருவர் பேசும் நல்ல தர வீடியோவுக்கு 600 கிலோபிட். இந்த அளவு ஓட்டம் காத்திராமல் போய்விடும். ‘நாட்’ தெரிவையும் சாதனவாரிப் பங்கையும் இயக்கினால், ஒருவர் முப்பது இணைப்புத் திறந்து ரொறன்ட் இறக்கினாலும் அவருக்கு ஒரு சாதனத்தின் பங்குதான். மிக்ரோடிக்கில் இதே நோக்கத்துக்கு ‘பிசிகியூ’ உண்டு. இறக்கத்தைச் சேருமிட முகவரியாலும் ஏற்றத்தைப் புறப்பட்ட முகவரியாலும் பிரிக்க வேண்டும். மிக்ரோடிக்கின் இயங்குதளம் ரவுட்டர்ஓஎஸ் 7 என்றால் கேக்கே இருக்கிறது. கல்முனையில் ஐம்பது பிள்ளைகள் இருக்கும் ரியூசன் நிலையத்துக்கும் பொத்துவில் பக்கத்து விருந்தினர் விடுதிக்கும் இந்தச் சமபங்கு எந்த முன்னுரிமைப் பட்டியலையும்விட நியாயமாக வேலை செய்யும்.

வடிகட்டி: கேள்வி யாரிடம் போகிறது?

இணையத்தளங்கள் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியபின் ரவுட்டரால் பக்கத்தின் உள்ளே பார்க்க முடியாது. முழு முகவரியையோ தேடிய சொல்லையோ அது காணாது. ‘சொல்லை வைத்துத் தடுக்கும்’ பழைய பட்டியல்கள் செத்துப்போனது இதனால்தான். மிஞ்சியிருப்பது டிஎன்எஸ். போன் ஒரு தளத்தைத் திறக்குமுன் அதன் எண் முகவரியைக் கேட்கும் இடம் அது. ரவுட்டரின் ‘வான்’ பக்க டிஎன்எஸ்ஸை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினால் கிளவுட்ஃப்ளேரின் குடும்ப வடிகட்டி ஆபாசத் தளங்களையும் தீநிரல் தளங்களையும் மறுக்கும். 185.228.168.168, 185.228.169.168 என்ற கிளீன்பிரவுசிங் முகவரிகள் கூகிள் தேடலையும் யூரியூப்பையும் பாதுகாப்பு முறைக்குத் தள்ளுவதோடு பல விபிஎன் தளங்களையும் மறுக்கும். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டாவதே பொருத்தம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை உள்ள இணைப்பென்றால் அதன் டிஎன்எஸ்ஸையும் மாற்ற வேண்டும், கிளவுட்ஃப்ளேருக்கு 2606:4700:4700::1113. பழைய முறையான ஐபிவி4ஐ மட்டும் மாற்றிவிட்டு ‘சில போனில் வேலை செய்கிறது, சிலதில் இல்லை’ என்று குழம்புவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி, கேள்வி வேறிடம் போகாமல் மறிக்க வேண்டும். போனில் கூகிளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்று கையால் எழுதினால் வடிகட்டி தோற்கும். ஆகவே 53ஆம் கதவால் வெளியே போகும் யூடிபி, டிசிபி இரண்டையும் ரவுட்டருக்கே திருப்பிவிடுங்கள். 853ஐ மூடுங்கள், ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகிறது. அதை மூடியபின் ஒரு போனில் மட்டும் ‘இணையம் இல்லை’ என்று வந்தால், அந்தப் போனின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸில் யாரோ ஒரு சேர்வரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். ‘தானியங்கி’க்கு மாற்றினால் சரியாகும். பிரவுசருக்குள் இருக்கும் டிஎன்எஸ் 443இல் போவதால் அதை இப்படி மூட முடியாது. தெரிந்த சேர்வர்களின் பெயர்ப்பட்டியலை மறுப்பதுதான் வழி, அது முழுமையாக இராது.

விபிஎன்னை ரவுட்டரால் முற்றாக வெல்ல முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018 மார்ச்சில் கண்டியில் வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் அரசே சமூக ஊடகங்களைத் தடுத்தது. அந்த நாட்களில் விபிஎன் பாவிக்கப் பழகிய ஊர் இது. அண்ணன்மார் பழகியதைத் தம்பிமார் அறிவார்கள். ஏழு வயதுப் பிள்ளை தற்செயலாக ஒன்றில் போய் விழாமல் காக்க டிஎன்எஸ் வடிகட்டி நன்றாக உதவும். பதினாறு வயதுப் பிள்ளை தேடிப்போவதை நிறுத்த அது போதாது, அங்கே போனை யார் வாங்கிக் கொடுத்தார்கள், இரவில் அது எந்த அறையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

யூரியூப்பை முழுதாகத் தடுப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். தமிழ்மொழிமூலப் பாடங்கள் ஏராளம் அங்கேதான் கிடைக்கின்றன. நேரக் கட்டுப்பாடு வைப்பது மேல். அதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. இரவு 9 மணிக்குத் தடை தொடங்கினாலும், ஏற்கெனவே திறந்த இணைப்பைப் பல ரவுட்டர்கள் அறுப்பதில்லை, ஓடும் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். விதியோடு சேர்த்துப் பழைய இணைப்புகளை அழிக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள். மற்றது மணிக்கூடு. பெரும்பாலான ரவுட்டர்களுக்குள் பட்டரி இல்லை. மின்வெட்டுக்குப் பின் எழும்பும்போது அதற்கு நேரம் தெரியாது, இணையத்தில் கேட்டு அறியும்வரை நேர விதிகள் தாறுமாறாக இருக்கும். நேர வலயம் +5:30 என்று இருக்கிறதா பாருங்கள். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை குறையும். வாங்கும்போது இரண்டு பெட்டிக்கும் எத்தனை அம்பியர் வேண்டும் என்று அடாப்டரில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விதிகளைச் சாதனத்தின் மக் முகவரியோடு (வைபையில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) கட்டுவதும் இப்போது உறுதியில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைபைக்குப் பொய் முகவரி காட்டுகின்றன. அமைப்பில் ஒரு தட்டுத் தட்டினால் அது வேறு போனாகிவிடும். அதனால் பிள்ளைகளின் போனைப் பட்டியலிட்டுத் தடுப்பதைவிட, வீடு முழுவதற்கும் வடிகட்டி போட்டு, பெரியவர்களின் இரண்டு சாதனங்களுக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். பட்டியலில் இல்லாத புதுப்போன் எதுவும் வடிகட்டிக்குள்தான் விழும். விடுதியும் ரியூசன் நிலையமும் நடத்துகிறவர்கள், வடிகட்டி இருக்கிறது என்பதை வைபை கடவுச்சொல் எழுதிய அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். யார் எந்தத் தளத்தைக் கேட்டார் என்ற டிஎன்எஸ் பதிவேட்டைத் தேவையில்லாமல் சேர்த்துவைக்கவும் கூடாது.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு போனிலும் வைபையை அணைத்துப் போட்டு, தடுத்த தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பழைய பதில் போனின் நினைவில் இருந்தால் சில நிமிடம் ஏமாற்றும். பிறகு அப்லோட் ஓடவிட்டு பிங்கைத் திரும்ப அளந்து, ஏறினால் எண்ணை 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் ஆள் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போனால், புதுப்பெட்டியின் வைபை திறந்தே இருக்கும். அதை அன்றைக்கே அணைக்க வேண்டும்.